கீழே தள்ளிய ஃபில்டரும் காணாமல் போன நாலு மணி நேரமும்



இந்த வார எபிசோட்ல "ஃபில்டர் புஷ்டவுன்" பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசினோம். எடிட்டிங்ல பாதி போயிடுச்சு, குறிப்பா நான் சொதப்பின கதை. அதை விரிவா இங்க எழுதுறேன். எபிசோட் கேக்காதவங்களுக்கும் புரியும். எஸ்க்யூஎல்-ல ஒரு வேர் கிளாஸ் எழுதத் தெரிஞ்சா போதும்.

முதல்ல, பெட்டி கட்டுற கதை

பிரிட்ஜ்வாட்டர்ல இருக்கிற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் இது. ஊர்ல இருந்து அம்மா வர்றாங்க. ரெண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. உங்களுக்கு வேணும்கிறது மிளகாய்ப் பொடி, வடகம், மாவடு. இப்ப ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, வீட்டு அடுப்படியில இருக்கிற அத்தனை டப்பாவையும் நியூவார்க் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, இங்க வந்தப்புறம் வேணும்கிறதை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுறது. இன்னொண்ணு, போன்லயே "இந்த மூணு மட்டும் போதும்மா"ன்னு சொல்லிடுறது.

முதல் வழியை யாரும் செய்ய மாட்டோம். ஆனா நம்ம டேட்டா பைப்லைன்ல பாதி அப்படித்தான் ஓடுது. நீங்க ஒரு குவெரி எழுதுறீங்க: இந்த மாசம், இந்த லாட் நம்பர். குவெரியை ஓட்டுற என்ஜின் ஒரு பக்கம், டேட்டா உக்காந்திருக்கிற ஸ்டோர் இன்னொரு பக்கம், நடுவுல ஒரு கனெக்டர். அந்த கனெக்டருக்கு ஃபில்டரைப் புரிஞ்சுக்கத் தெரியலைன்னா, மொத்த டேபிளையும் நெட்வொர்க் வழியா இழுத்துட்டு வந்து என்ஜின் கையில கொடுக்கும். என்ஜின் 100-ல 99 வரிசையைத் தூக்கிப் போடும். அந்த ஃபில்டரை ஸ்டோர் இருக்கிற இடத்துக்கே அனுப்பி, அங்கேயே வடிகட்டி, மிச்சத்தை மட்டும் வாங்கிக்கிறதுதான் புஷ்டவுன்.

இது புது ஐடியா இல்லை

1979-ல ஐபிஎம் சான் ஹோசே ஆய்வகத்துல பட்ரீஷியா செலிங்கரும் அவர் குழுவும் சிஸ்டம் ஆர் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. அதுல டேட்டாபேஸ் ரெண்டு அடுக்கு: மேல குவெரியைத் திட்டமிடுற பகுதி, கீழ டிஸ்க்குல இருந்து வரிசைகளை எடுத்துக் கொடுக்கிற பகுதி. ஒரு குவெரிக்கு ஆகிற செலவை அவங்க கணக்குப் போட்ட விதம்தான் முக்கியம்: எத்தனை பக்கம் டிஸ்க்குல இருந்து படிச்சோம் என்பதோட, கீழ் அடுக்குல இருந்து மேல் அடுக்குக்கு எத்தனை வரிசை கை மாறுச்சு என்பதையும் ஒரு எடை போட்டுக் கூட்டுனாங்க. ஒரே மெஷினுக்குள்ளயே கை மாத்துறதுக்கு ஒரு விலை இருக்குன்னு அப்பவே சொல்லிட்டாங்க. அந்த விலையைக் குறைக்க, எளிமையான நிபந்தனைகளை கீழ் அடுக்கே சரிபார்த்துடும். அந்த நிபந்தனைகளுக்கு அவங்க வெச்ச பேருதான் "சர்ச் ஆர்க்யுமென்ட்". இன்னிக்கும் டிபிஏ-க்கள் "இந்த கண்டிஷன் சார்ஜபிளா?"ன்னு கேக்குறாங்களே, அந்த வார்த்தை அங்க இருந்து வந்தது.

நம்ம ஏரியாவுக்கும் இதுல ஒரு பங்கு உண்டு. பிரிட்ஜ்வாட்டர்ல இருந்து 287, அப்புறம் 78. ட்ராஃபிக் இல்லைன்னா அரை மணியில மரே ஹில், பெல் லேப்ஸ். 1994-ல அங்க இருந்த அலோன் லெவி, இந்தர்பால் மும்மிக் இருவரும் யெஹோஷுவா சாகிவோட சேர்ந்து எழுதின கட்டுரை, ஃபில்டரை கீழே மட்டும் இல்லை, மேலயும் பக்கவாட்டுலயும் நகர்த்தலாம்னு காட்டுச்சு. ரெண்டு டேபிளை ஒரே தேதியில ஜாயின் பண்றீங்க. ஒரு பக்கம் "மார்ச்சுக்கு அப்புறம்"னு நிபந்தனை இருந்தா, இன்னொரு பக்கத்துக்கும் அதே நிபந்தனையை ஆப்டிமைசரே கண்டுபிடிச்சு அனுப்பிடலாம்.

இன்ஜினியரிங் காலேஜ்ல டேட்டாபேஸ் பாடத்துக்கு நம்மள்ல பலபேர் படிச்ச சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் புத்தகத்துலயும் இது இருக்கு. அந்த சுதர்சன் சென்னை ஐஐடி-யில படிச்சவர். மரே ஹில் பெல் லேப்ஸ்ல வேலை பார்த்துட்டு ஐஐடி பம்பாய்க்குப் போனவர். "செலக்ஷனை முடிஞ்சவரைக்கும் சீக்கிரம் செய்"ன்னு ரெண்டு மார்க் கேள்விக்கு எழுதினதுதான். எழுதும்போது அதுக்குள்ள இருக்கிற கண்ணி தெரியல.

என் கதை

நான் கான்ட்ராக்டர். க்ளையன்ட் பேரு வேண்டாம். மருத்துவப் பொருள் அனுப்புற ஒரு கம்பெனின்னு வெச்சுக்கோங்க. பழைய ஷிப்மென்ட் பதிவுகள் எல்லாம் ஒரு பழைய ஸ்டோர்ல, கிட்டத்தட்ட 38 கோடி வரிசை. ரிப்போர்ட் எல்லாம் ஸ்பார்க்ல. நடுவுல யாரோ எப்பவோ எழுதின கனெக்டர். அதுக்கு ஃபில்டர்னா என்னன்னே தெரியாது. தினமும் ராத்திரி ஓடுற ஜாப் 3 மணி 40 நிமிஷம் எடுக்கும். காலை 6 மணிக்கு ரிப்போர்ட் வரலைன்னா 6:05-க்கு எனக்கு போன் வரும்.

கான்ட்ராக்ட் புதுப்பிக்க ரெண்டு மாசம் இருந்துச்சு. நான் கனெக்டரைத் திருத்தி எழுதுறேன்னு கையைத் தூக்கினேன்.

ஸ்பார்க்ல இதுக்கு ஒரு வாசல் இருக்கு. உங்க டேட்டா சோர்ஸ் "எனக்கு ஃபில்டர் அனுப்பலாம்"னு அறிவிச்சுக்கலாம். ஸ்பார்க் குவெரியைத் திட்டமிடும்போது உங்ககிட்ட ஃபில்டர் பட்டியலைக் கொடுக்கும். நீங்க அதுல எதையெல்லாம் ஸ்டோரோட மொழிக்கு மாத்த முடியுமோ மாத்திக்கிட்டு, "இதெல்லாம் என்னால முழுசா முடியாது, நீயே மறுபடி பார்த்துக்கோ"ன்னு மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கணும். ட்ரினோவிலயும் இதே ஏற்பாடுதான். கனெக்டர் மீதி ஃபில்டரைத் திருப்பிச் சொல்லும்.

நான் உஷாரா இருந்தேன். அப்படித்தான் நினைச்சேன். எல்லா ஃபில்டரையும் ஸ்டோருக்கு அனுப்பினேன். அதே சமயம் எல்லாத்தையும் ஸ்பார்க்குக்கும் திருப்பிக் கொடுத்தேன். ஸ்டோர் ஒரு தடவை வடிகட்டும், ஸ்பார்க் இன்னொரு தடவை வடிகட்டும். ரெட்டைத் தாழ்ப்பாள். தப்பு எப்படி வரும்?

ஜாப் 6 நிமிஷத்துல முடிஞ்சுது. மேனேஜர் மீட்டிங்ல கைதட்டினார். டீம்ல இருக்கிற மதுரைக்காரன் "மச்சி, ரினியூவல் கன்ஃபர்ம்டா"ன்னான்.

மூணு வாரம் கழிச்சு மாக் ரீகால் வந்துச்சு. ஒரு லாட்ல கோளாறுன்னு வெச்சுக்கிட்டு, அது யார் யாருக்குப் போச்சுன்னு பட்டியல் எடுக்க முடியுதான்னு பார்க்கிற ஒத்திகை. கேள்வி ரொம்ப சாதாரணம்: மார்ச் 1 முதல் ஏப்ரல் 1-க்கு முன்னாடி வரைக்கும், இந்த லாட் நம்பர், எந்தெந்த ஆஸ்பத்திரிக்குப் போச்சு? நம்ம சிஸ்டம் 412 ஷிப்மென்ட்னு சொல்லுச்சு, எட்டே நிமிஷத்துல. வேர்ஹவுஸ் சூப்பர்வைசர் அம்மா, முப்பது வருஷமா அங்க இருக்கிறவங்க, தன்னோட நோட்டை எண்ணிட்டு 431-ன்னாங்க.

"நோட்டுல தப்பு இருக்கும்"னு நான்தான் முதல்ல சொன்னேன். அதை நினைச்சா இப்பவும் கூச்சமா இருக்கு. அவங்க கோவப்படாம 19 பேரையும் வரிசையா வாசிச்சுக் காட்டினாங்க. எல்லாம் மார்ச் 31 ராத்திரி ரெண்டாவது ஷிஃப்ட்ல லாரி ஏறினது. மாசக் கடைசி, அதனால கூட்டம்.

நாலு மணி நேரம் எங்க போச்சு

ஸ்டோர்ல நேரம் எல்லாம் யுடிசி-யில இருந்துச்சு. குவெரி எழுதுறவங்க நினைக்கிறது நியூயார்க் நேரம். கனெக்டர்ல நான் ஃபில்டரோட டைம்ஸ்டாம்ப்பை எழுத்தா மாத்தும்போது, அது ஓடுற மெஷினோட நேரத்துல, அதாவது நியூயார்க் நேரத்துல எழுதுச்சு. நேர மண்டலம் எதுன்னு நான் பக்கத்துல போடலை. ஸ்டோர் அதை யுடிசி-ன்னு படிச்சுக்கிச்சு.

இப்ப ரெண்டு எல்லையையும் தனித்தனியா பாருங்க.

மார்ச் 1 நள்ளிரவு நியூயார்க்ல, யுடிசி-யில காலை 5 மணி. ஸ்டோர் புரிஞ்சுக்கிட்டது யுடிசி நள்ளிரவு. அதாவது 5 மணி நேரம் முன்னாடியே ஆரம்பிச்சு, வேண்டாத வரிசைகளையும் சேர்த்து அனுப்புச்சு. ஸ்பார்க் மறுபடி வடிகட்டி அதைத் தூக்கிப் போட்டுடுச்சு. தப்பு நடந்துச்சு, தெரியலை.

ஏப்ரல் 1 நள்ளிரவு நியூயார்க்ல, யுடிசி-யில காலை 4 மணி (நடுவுல கடிகாரத்தை மாத்திட்டாங்க, அதனால 5 இல்லை 4). ஸ்டோர் புரிஞ்சுக்கிட்டது யுடிசி நள்ளிரவு. அதாவது 4 மணி நேரம் முன்னாடியே கதவைச் சாத்திடுச்சு. மார்ச் 31 ராத்திரி 8-ல இருந்து 12 வரைக்கும் கிளம்பின சரக்கு ஸ்டோரை விட்டு வெளியவே வரலை. ஸ்பார்க் எத்தனை தடவை மறுபடி வடிகட்டினாலும், வராத வரிசையை அதால எப்படி வரவழைக்க முடியும்?

மூணு வாரம் ஏன் யாருக்கும் தெரியலை? தினசரி ஜாப்ல "நேத்துல இருந்து" என்கிற கீழ் எல்லை மட்டும்தான். மேல் எல்லையே கிடையாது. நான் பண்ணின டெஸ்டும் அந்த ஜாப்பை வெச்சுத்தான். இதே கோடு சென்னையில ஒரு மெஷின்ல ஓடியிருந்தா தலைகீழா நடந்திருக்கும்: இந்திய நேரம் யுடிசி-க்கு ஐந்தரை மணி நேரம் முன்னாடி, அதனால கீழ் எல்லையில ஐந்தரை மணி நேரம் காணாம போயிருக்கும், முதல் நாளே மாட்டியிருப்பேன். நியூ ஜெர்சியில இருந்ததால மூணு வாரம் நல்ல பேரோட சுத்தினேன்.

இது ஒத்திகை. நிஜ ரீகாலா இருந்திருந்தா 19 ஷிப்மென்ட்டுக்கு யாரும் போன் பண்ணியிருக்க மாட்டாங்க.

கூட வந்தா பரவாயில்லை, குறையக்கூடாது

நான் இதுல இருந்து எடுத்துக்கிட்ட ஒரே விதி இதுதான். ஸ்டோர் கேட்டதைவிட அதிகமா கொடுக்கலாம். மேல இருக்கிற என்ஜின் திரும்ப வடிகட்டிக்கும். குறைச்சுக் கொடுக்கவே கூடாது. ரெட்டைத் தாழ்ப்பாள்னு நான் நினைச்சது ஒரு பக்கம் மட்டும்தான் பூட்டும்.

அம்மா கதையில சொன்னா: "மிளகாய்ப் பொடி"ன்னு கேட்டீங்க. உங்களுக்கு அது இட்லிக்குத் தொட்டுக்கிறது. ஊர்ல எடுத்து வெச்ச அத்தைக்கு அது குழம்புக்குப் போடுற மிளகாய்த் தூள். ரெண்டையும் பெட்டியில வெச்சிருந்தா இங்க வந்து பிரிச்சுக்கலாம். தூளை மட்டும் வெச்சிருந்தா, நியூவார்க்ல பெட்டியை எத்தனை தடவை குடைஞ்சாலும் இட்லிப் பொடி வராது.

பெரிய சிஸ்டம்ஸ் எல்லாம் இந்த விதி மேலதான் நிக்குது. பார்க்கே ஃபைல்ல ஒவ்வொரு வரிசைத் தொகுப்புக்கும் சின்ன மதிப்பு, பெரிய மதிப்பு குறிச்சு வெச்சிருக்கும். அதைப் பார்த்து "இதுக்குள்ள கண்டிப்பா இல்லை"ன்னு மட்டும்தான் சொல்ல முடியும். "இருக்கு"ன்னு சொல்ல முடியாது. ப்ளூம் ஃபில்டரும் அப்படியே. ரெண்டுமே அதிகமாத்தான் தப்பு பண்ணும், குறைவா பண்ணாது. அதனாலதான் ஸ்பார்க்கோட பழைய டேட்டா சோர்ஸ் ஏபிஐ, நீங்க எதையும் மாத்தலைன்னா எல்லா ஃபில்டரையும் தானே திரும்ப ஓட்டிக்கும்.

இந்த விதியை வெச்சுக்கிட்டுப் பார்த்தா, கனெக்டர் எழுதுறவங்க மாட்டுற இடங்கள் எல்லாம் தெளிவாகும். உதாரணத்துக்கு, உங்க ஸ்டோருக்குப் பேரோட முதல் எழுத்தை மட்டும்தான் பார்க்கத் தெரியும்னு வெச்சுக்கோங்க. கேள்வி "பேர் ராமசாமி".

- சாதாரண நிபந்தனை: "ரா-வில் தொடங்குது"ன்னு அனுப்பலாம். ராஜாவும் ராதாவும் கூட வருவாங்க, என்ஜின் கழிச்சுக்கும். நல்லது.
- இல்லை என்பது: "ராமசாமி அல்லாதவங்க"ன்னு கேட்டா, "ரா-வில் தொடங்காதவங்க"ன்னு அனுப்பிடாதீங்க. ராஜா, ராதா ரெண்டு பேரும் காணாம போவாங்க. உள்ள இருந்த "அதிகம்", எதிர்மறை போட்டதும் "குறைவு" ஆயிடும்.
- மற்றும்: "ராமசாமி, மேலும் ஊர் மதுரை." ஒரு பாதியை மட்டும் அனுப்பினாலும் பிரச்சினை இல்லை. வர்றது அதிகமாத்தான் இருக்கும்.
- அல்லது: "ராமசாமி அல்லது ஊர் மதுரை." ஒரு பாதியை மட்டும் அனுப்பினா மதுரைக்காரங்க எல்லாம் போச்சு. ரெண்டையும் அனுப்பணும், இல்லைன்னா எதையும் அனுப்பக்கூடாது.
- முதல் 10 மட்டும்: ஃபில்டர் துல்லியமா இல்லாதப்போ லிமிட்டைக் கீழ தள்ளாதீங்க. ஸ்டோர் ரா-வில் தொடங்குற 10 பேரைக் கொடுக்கும். என்ஜின் வடிகட்டினா ரெண்டு ராமசாமி மிஞ்சுவாங்க. உள்ள இன்னும் இருபது பேர் காத்திருப்பாங்க. கவுன்ட், சம் மாதிரி கூட்டல் வேலைக்கும் இதே கதைதான். கூட்டினப்புறம் வேண்டாததைப் பிரிக்க முடியாது.

அர்த்தம் மாறுற இடங்களையும் இதே தராசுல போடலாம். எஸ்க்யூஎல்-ல "ஸ்டேட்டஸ் கேன்சல் இல்லை"ன்னு கேட்டா, ஸ்டேட்டஸ் நல்லா இருக்கிற வரிசை வராது (நல்ல வரிசை இல்லை, நல், மதிப்பே இல்லாதது!). மாங்கோடிபி-யில அதே "சமமில்லை"க்கு அந்த ஃபீல்டே இல்லாத டாக்குமென்ட்டும் வரும். அதிகம், தப்பிச்சோம். ஆனா குவெரியில பெரிய எழுத்தாக்கிட்டு ஒப்பிடச் சொல்லியிருக்க, கனெக்டர் அந்த ஃபங்ஷனை விட்டுட்டு வெறும் ஒப்பீட்டை அனுப்பினா, சின்ன எழுத்துல டைப் பண்ணின லாட் நம்பர் எல்லாம் குறையும். மாட்டினோம்.

போஸ்ட்கிரெஸ் காட்டுற பணிவு

இதை அழகா செய்யுற ஆள் பார்க்கணும்னா போஸ்ட்கிரெஸோட வெளி டேபிள் ஏற்பாட்டைப் பாருங்க. 2013-ல 9.3 பதிப்போட வந்த எக்ஸ்டென்ஷன், ஒரு போஸ்ட்கிரெஸ்ல இருந்து இன்னொரு போஸ்ட்கிரெஸைக் கேக்குறதுக்கு. ரெண்டு பக்கமும் ஒரே சாஃப்ட்வேர்தான். ஆனாலும் கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் அனுப்பாது. உள்ளமைந்த டைப், ஆபரேட்டர், ஃபங்ஷனா இருக்கணும், இல்லைன்னா அந்தப் பக்கமும் இருக்குன்னு நீங்க உறுதி சொன்ன எக்ஸ்டென்ஷன்ல இருந்து வரணும். ஒரே உள்ளீட்டுக்கு எப்பவும் ஒரே விடை தர்ற ஃபங்ஷனா இருக்கணும். இதுல எது இடிச்சாலும் அந்த நிபந்தனையை இந்தப் பக்கமே வெச்சுக்கும். ஜாயினை அந்தப் பக்கம் தள்ளுறது 9.6-ல, 2016-ல வந்துச்சு. கூட்டல் வேலைகள் 10-வது பதிப்புல, 2017-ல. ஃபில்டர்ல ஆரம்பிச்சு அங்க வர நாலு வருஷம். நான் ஒரே வாரத்துல எல்லாத்தையும் தள்ளினேன்.

இப்ப நான் செய்யுறது

ஒண்ணு, கனெக்டர்ல ஒரு சுவிட்ச். புஷ்டவுனை அணைச்சு ஒரு தடவை, போட்டு ஒரு தடவை ஓட்டி, ரெண்டு விடையையும் ஒப்பிடுவேன். ஸ்பார்க்கோட ஜேடிபிசி சோர்ஸ்ல இந்த மாதிரி ஆப்ஷன் ஏற்கனவே இருக்கு. நம்ம எழுதுற கனெக்டர்லதான் மறந்துடுவோம். அணைச்சு ஓட்டினா மெதுவாத்தான் இருக்கும், வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

ரெண்டு, டெஸ்ட் டேட்டாவை நடுவுல இருந்து எடுக்கிறதில்லை, ஓரத்துல இருந்து எடுக்கிறேன். மாசக் கடைசி ராத்திரி, கடிகாரம் மாத்துற ஞாயித்துக்கிழமை, நல், பின்னாடி ஸ்பேஸ் ஒட்டின லாட் நம்பர், சின்ன எழுத்து, பெரிய எழுத்து. இதோட மேல் எல்லை, கீழ் எல்லை, "இல்லை", "அல்லது" எல்லாத்தையும் கலந்து குவெரி.

மூணு, எக்ஸ்ப்ளெய்ன் போட்டு எந்த ஃபில்டர் கீழ போச்சுன்னு படிக்கிறதோட நிறுத்துறதில்லை. அந்தப் பக்கம் ஸ்டோரோட லாக்ல என்ன வந்து சேர்ந்துச்சுன்னும் பார்க்கிறேன். என் விஷயத்துல எக்ஸ்ப்ளெய்ன் சரியாத்தான் காட்டுச்சு. லாக்கைத் திறந்திருந்தா, நேர மண்டலம் இல்லாத அந்தத் தேதி முதல் நாளே கண்ணுல பட்டிருக்கும்.

நாலு, சந்தேகம் இருந்தா அனுப்புறதில்லை. லாட் நம்பர் ஃபில்டரை மட்டும் அனுப்பி, தேதிக்கு ரெண்டு பக்கமும் ஒரு நாள் கூடுதலா விட்டு, மிச்சத்தை ஸ்பார்க் பார்த்துக்கட்டும்னு விட்டேன். ஜாப் இப்ப 6 நிமிஷம் இல்லை, 9 நிமிஷம். 3 மணி 40 நிமிஷத்துல இருந்து வந்தவனுக்கு அந்த 3 நிமிஷம் ஒரு விலையா?

மாக் ரீகாலை மறுபடி நடத்தினாங்க. சிஸ்டம் 431. நோட்டும் 431. கான்ட்ராக்ட் புதுப்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு முழுசா எழுதிக் கொடுக்கச் சொன்னாங்க. எழுதிக் கொடுத்தேன். அந்த ரிப்போர்ட்ல "எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது" என்கிற கட்டத்துல, டூல் பேர் எதுவும் எழுதலை. வேர்ஹவுஸ் சூப்பர்வைசரோட நோட்டுன்னுதான் எழுதினேன். அவங்க இன்னும் நோட்டு எழுதுறாங்க. நானும் நிறுத்தச் சொல்லலை.

உங்க கனெக்டர்ல மேல் எல்லையை எப்பவாவது டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா? பண்ணிப் பாருங்க. ஏதாவது காணாம போயிருந்தா இந்த மெயிலுக்கே பதில் போடுங்க, அடுத்த எபிசோட்ல பேர் சொல்லாம பேசலாம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.